லைன் ஃபுல் என்றால் எது ஃபுல்?

ஹட்டன் டவுனில், மாடியும் கீழுமாக ஒரு சின்ன அலுவலகம். 17 கணினிகள், இரண்டு பெரிய போட்டோகொப்பி மெஷின்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். திங்கட்கிழமை காலை ஒன்பதரை ஆனதும் யாராவது ஒருவருக்குப் பொது ஃபோல்டர் திறக்காது. "லைன் ஃபுல்லா இருக்கு அண்ணே, ஒருக்கா வந்து பாருங்க" என்று எனக்குப் போன் வந்தபோது, அவர்கள் செய்யக்கூடிய செலவையெல்லாம் செய்து முடித்திருந்தார்கள். இணையப் பெக்கேஜைப் பெரிதாக்கியாயிற்று. மாடிக்குப் புது வயர் இழுத்தாயிற்று. மழைமேல் பழியையும் போட்டாயிற்று. (ஹட்டனில் மழைமேல் பழி போட ஏதாவது ஒரு நாள் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும்.)

லைன் ஃபுல், நெட் ஜாம், கனெக்‌ஷன் கூடிப்போச்சு என்று பலவிதமாகச் சொல்கிறோம். ஒரே நோய்க்குப் பல பேர் என்று நினைப்பு. நான் பார்த்த வரையில் அது நேர்மாறு: குறைந்தது நான்கு நோய்களை ஒரே பேரில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டுக் காசு போய்விட்டதே என்று நிற்கிறோம்.

பீலியடியில் இடம் இல்லை

லயத்துப் பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். கோடைக்குத் தண்ணீர் நூலாக வரும். குடம் நிரம்ப அரை மணி நேரம் ஆகும், ஆனால் நிரம்பும். இது வேகப் பிரச்சினை. மழைக்காலத்தில் தண்ணீர் பொங்கிக் கொட்டும். ஆனால் அன்றைக்குப் பார்த்து ஊரே துணி துவைக்க வந்துவிட்டது, பீலியடியில் குடம் வைக்க ஒரு சாண் இடம் இல்லை. இது எண்ணிக்கைப் பிரச்சினை. முதலாவதில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கிறது. இரண்டாவதில் முந்தி வந்தவருக்கு முழுசாகக் கிடைக்கிறது, பிந்தி வந்தவருக்குச் சொட்டுக்கூட இல்லை.

இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எல்லோருக்கும் மெதுவாக இருக்கிறதா? அது வேகம். பெரிய பெக்கேஜ் உதவலாம். பக்கத்து மேசைக்காரருக்கு எந்தக் குறையும் இல்லாமல் ஓட, உங்களுக்கு மட்டும் கதவே திறக்கவில்லையா? அப்போது எண்ணிக்கையைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குப் பெக்கேஜைப் பெரிதாக்குவது, இடமில்லாத பீலிக்குத் தண்ணீரைக் கூட்டி விடுவது போலத்தான்.

சரி, எண்ணிக்கை என்றால் எதன் எண்ணிக்கை? இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொள்ள ஒப்புக்கொண்டதும், "இன்னாரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று தம் நினைவகத்தில் ஒரு வரி குறித்து வைக்கின்றன. அந்த ஏற்பாட்டைத்தான் இணைப்பு, அதாவது கனெக்‌ஷன், என்கிறோம். வரி எழுத ஒரு குறிப்பேடு வேண்டும். எந்தக் குறிப்பேட்டுக்கும் கடைசிப் பக்கம் ஒன்று உண்டு. அது நிரம்பியபின் வருகிறவரை இயந்திரம் திருப்பி அனுப்பிவிடும்.

ஒரு சின்ன அலுவலகத்தில் இப்படிப்பட்ட குறிப்பேடுகள் ஒன்றல்ல, பல. வேறு வேறு இயந்திரங்களின் கையில், வேறு வேறு பக்க எண்ணிக்கையோடு இருக்கின்றன. "லைன் ஃபுல்" என்று யாராவது சொன்னால் நாம் கேட்க வேண்டியது, யாருடைய குறிப்பேடு என்பதைத்தான்.

துண்டு போட்ட சீட்

முதல் குறிப்பேடு, பொது ஃபோல்டர் வைத்திருக்கும் கணினியினுடையது. நமது சிறிய அலுவலகங்களில் அதிகம் வதைப்பது இதுதான், யாருக்கும் தெரியாமல் இருப்பதும் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வழமையாக என்ன நடக்கிறது? இருக்கிற கணினிகளில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரு ஃபோல்டரை எல்லோருக்கும் பகிர்ந்துவிடுகிறோம். அதற்குச் 'சேர்வர்' என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிடுகிறோம். ஆனால் உள்ளே ஓடுவது வீட்டிலும் மேசையிலும் பயன்படுத்துவதற்கான சாதாரண விண்டோஸ். அந்த விண்டோஸ், ஒரே நேரத்தில் எத்தனை சாதனங்கள் தன்னிடம் வரலாம் என்று எண்ணிப் பார்க்கிறது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஹோமில் 5. எக்ஸ்பி புரொபஷனலில் 10. விண்டோஸ் 7 இலிருந்து இன்றைய 11 வரை 20. இருபத்தோராவது ஆளுக்கு, 'இந்தக் கணினி ஏற்கக்கூடிய அளவு இணைப்புகள் ஏற்கெனவே உள்ளன, இப்போது மேலும் இணைக்க முடியாது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும்.

இந்த 20 ரேமின் அளவினாலோ வயரின் தரத்தினாலோ வந்ததல்ல. உரிமத்தில், அதாவது லைசன்ஸில், எழுதிய எண். 32 ஜிபி ரேம் போட்டாலும் 20 தான். கணினி வயர்களை ஒன்றுசேர்க்கும் சுவிட்ச் பெட்டியை 48 துளையோடு வாங்கினாலும் 20 தான். இன்னொன்று, எண்ணப்படுவது உள்ளே வருகிறவர்கள் மட்டும்தான். அந்தக் கணினி வெளியே எத்தனை இடங்களுக்குப் போனாலும் இந்தக் கணக்கில் சேராது.

அப்புறம் அடுத்த குழப்பம். "எங்க ஆபிஸில வேலை செய்றது பன்னிரண்டு பேர்தானே, எப்படி இருபது வரும்?" கொழும்பு பஸ்ஸை நினையுங்கள். சீட்டில் ஆள் இல்லை, ஆனால் ஒரு துண்டு கிடக்கிறது. கேட்டால் "ஆள் வருது" என்பார்கள். கணினியிலும் அப்படித்தான். பொது ஃபோல்டரைக் காலையில் ஒரு தடவை திறந்த ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு செஷன் உண்டு. செஷன் என்றால் குறிப்பேட்டில் அதன் பேரில் கிடக்கும் வரி. ஒன்றும் செய்யாமல் இருந்தால் வழமையாக 15 நிமிடத்தில் விண்டோஸ் அந்த வரியை அழித்துவிடும். ஆனால் எக்செல் ஃபைலைத் திறந்தபடியே சாப்பிடப் போனவருடைய சீட் அப்படியே கிடக்கும். ஸ்கேன் செய்து ஃபோல்டருக்குள் போடும் போட்டோகொப்பி மெஷினும் ஒரு ஆள். ஃபோல்டரைத் திறந்து பார்த்த கைபேசியும் ஒரு ஆள். அந்தக் கணினி வழியாகப் பிரிண்டரைப் பகிர்ந்திருந்தால், பிரிண்ட் எடுக்க வருகிற இயந்திரங்களும் இதே இருபதுக்குள்தான்.

பார்ப்பது லேசு. ஃபோல்டர் இருக்கும் கணினியில் 'கம்பியூட்டர் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறந்து, 'ஷேர்ட் ஃபோல்டர்ஸ்', அதற்குள் 'செஷன்ஸ்' என்று போனால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வரும். துண்டு போட்டவரை அங்கிருந்தே எழுப்பிவிடலாம். ஆனால் அவர் சேமிக்காத வேலை அதோடு போய்விடும். முதலில் கேட்டுவிட்டு எழுப்புங்கள்.

இந்த எண்ணைக் கூட்ட 'பெட்ச்' ஒன்று இருப்பதாக யாராவது சொல்வார்கள். அது பழைய கதையின் மிச்சம். 2004 இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பெக் 2, இன்னும் முடிவாகாத வெளி இணைப்பு முயற்சிகள் ஒரே நேரத்தில் 10 க்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தியது. வைரஸ் வேகமாகப் பரவாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அதைத் தளர்த்தத்தான் அந்தக் காலத்தில் பெட்ச் சுற்றியது. விண்டோஸ் 7 இல் அந்தக் கட்டுப்பாடே இல்லை. ஃபோல்டரின் 20 க்கும் அதற்கும் உறவும் இல்லை. முகம் தெரியாத ஒருவர் எழுதிய பெட்சை அலுவலகக் கணினியில் போடுவதைவிடத் துண்டு போட்ட சீட்டோடு வாழ்ந்துவிடலாம்.

ஆக, இணையம் நன்றாக ஓடுகிறது, பொது ஃபோல்டர் மட்டும் சிலருக்குத் திறக்கவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடம் ரவுட்டர் அல்ல, ஃபோல்டர் இருக்கும் கணினி.

நம்பர் துண்டு தீர்ந்துவிட்டது

இரண்டாவது குறிப்பேடு ரவுட்டரிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் வாசலிலேயே நம்பர் துண்டு கொடுப்பார்கள், அது இல்லாமல் உள்ளே போக முடியாது. அதுபோல வைஃபையிலோ வயரிலோ வந்து சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரவுட்டர் ஒரு எண் கொடுக்கிறது. அந்த எண் ஐபி முகவரி. கேட்டவருக்கு எண் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு டிஎச்சிபி என்று பேர்.

சின்ன ரவுட்டர்களில் முகவரி பெரும்பாலும் 192.168.1 என்று தொடங்கும், கடைசி எண் மட்டும் மாறும். அதில் 1 முதல் 254 வரை பயன்படுத்தலாம். ஆனால் ரவுட்டர் எல்லாவற்றையும் கொடுப்பதில்லை. 100 முதல் 149 வரை என்று ஒரு கட்டு துண்டு மட்டும் கையில் வைத்திருக்கும். அப்படியானால் மொத்தம் 50. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தவணை உண்டு. பல ரவுட்டர்களில் அது 24 மணி நேரம். ஆள் போய்விட்டாலும் தவணை முடியும் வரை துண்டு அவருடையதுதான்.

இது எப்படிக் கடிக்கும் என்பதை நல்லதண்ணி ஊரில் ஒரு தங்குமிடத்தில் பார்த்தேன். சிவனொளிபாதமலை சீசன். எட்டு அறை, அறைக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு போன். 32 துண்டு. அவர்கள் சாமத்தில் எழுந்து மலையேறி, விடிய இறங்கி, சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். அன்று பின்னேரம் அடுத்த 32 பேர் வருவார்கள். முதல் கூட்டத்தின் துண்டுகள் இன்னும் தவணையில் இருக்கின்றன. 50 இல் மிச்சம் 18. பத்தொன்பதாவது ஆள் வந்து கவுண்டரில் சண்டை போடுவார்: "வைஃபை இருக்குன்னு சொன்னீங்களே!" வைஃபை இருந்தது. சிக்னலும் முழுசாகக் காட்டியது. துண்டுதான் இல்லை. தவணையை 24 மணியிலிருந்து இரண்டு மணியாகக் குறைத்து, கட்டை 50 இலிருந்து 200 ஆகக் கூட்டினோம். ஐந்து நிமிட வேலை, செலவு இல்லை.

இந்த நோயின் அடையாளம்: போனில் 'ஐபி முகவரி பெறுகிறது' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் கணினியாக இருந்தால் துண்டு கிடைக்காத கோபத்தில் தானே 169.254 என்று தொடங்கும் ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளும். அந்த எண்ணைக் கண்டால், ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை என்று அர்த்தம். துண்டு தீர்ந்திருக்கலாம். வயரே கழன்றும் இருக்கலாம், அதையும் ஒருமுறை பாருங்கள்.

வைஃபையின் சொந்தக் கணக்கு

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. துண்டு எவ்வளவு இருந்தாலும், வைஃபை அலையில் எத்தனை சாதனங்கள் சேரலாம் என்பதற்குத் தனி எல்லை உண்டு. நம் பக்கத்தில் ஃபைபர் வராத இடங்களில் வைக்கும் 4ஜி ரவுட்டர்கள் பலவற்றின் பெட்டியில் 32 என்று போட்டிருக்கும். கையில் கொண்டு போகும் சின்னவற்றில் 10 என்பது வழக்கம். அதுவும் பெட்டியில் போட்ட எண்தான். அலையில் ஒரு நேரத்தில் பொதுவாக ஒருவர்தான் பேசலாம் என்பதால், அந்த எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே எல்லோருக்கும் மெதுவாகிவிடும். அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும் கணினிகளுக்கும் பிரிண்டர்களுக்கும் வயர் கொடுத்துவிட்டு, வைஃபையைப் போன்களுக்கு விடுவது நல்லது.

தோட்டத்துக்கு ஒரே விலாசம்

நான்காவது குறிப்பேடும் ரவுட்டரிடம்தான், ஆனால் வேலை வேறு. லயங்களில் வீட்டுக்கு வீடு விலாசம் இல்லை என்பது நம் சனத்தின் பழைய குறை. கடிதம் தோட்டத்தின் பேருக்கு வரும். தப்பால்காரர் அதை எடுத்து, எந்த டிவிசன், எந்த லயம் என்று தெரிந்துவைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். மனிதருக்கு அநியாயமான அந்த ஏற்பாட்டில்தான் இணையம் இன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

காரணம் தட்டுப்பாடு. பழைய முறையில் உலகம் முழுவதற்குமாக இருக்கும் ஐபி முகவரிகள் சுமார் 430 கோடி. எல்லாச் சாதனத்துக்கும் போதாது. எனவே அலுவலகத்துக்கு வெளியில் தெரிகிற விலாசம் ஒன்றுதான். உள்ளே இருந்து ஒருவர் ஒரு தளத்தைக் கேட்டால், ரவுட்டர் அந்த ஒற்றை விலாசத்தோடு ஒரு கதவு எண்ணைச் சேர்த்து அனுப்பும். பதில் அந்தக் கதவு எண்ணுக்கு வந்ததும், யார் கேட்டது என்று குறிப்பேட்டைப் பார்த்து உள்ளே கொடுக்கும். இந்தத் தப்பால் வேலைக்கு நெட் முகவரி மாற்றம் அல்லது நாட் என்று பேர். கதவு எண் போர்ட்.

போர்ட் எண் 65,535 வரை போகலாம். ஆனால் மலிவு ரவுட்டரின் நினைவகத்தில் அதைவிட மிகக் குறைந்த வரிகளுக்குத்தான் இடம் இருக்கும். செய்தித் தளத்தின் ஒரு பக்கத்தைத் திறந்தாலே படம், விளம்பரம் என்று பத்து, இருபது வரி எழுதப்படும். யாராவது ஒரு மூலையில், பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் இறக்கும் டொரண்டில் படம் இறக்கினால் அவர் ஒருவருக்கே சில நூறு வரிகள் போகும். குறிப்பேடு நிரம்பினால் ஒரு விசித்திரம் நடக்கும்: ஏற்கெனவே ஓடும் வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டே இருக்கும், புதிதாக ஒரு பக்கமும் திறக்காது. இதிலும் முந்தியவருக்கு முழுசு, பிந்தியவருக்கு ஒன்றுமில்லை.

இதற்கு மேல் இன்னொரு படியும் உண்டு. விலாசத் தட்டுப்பாட்டினால் இணைய நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி விலாசத்துக்குள் அடைத்து வைக்கலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிப்புற முகவரி 100.64 க்கும் 100.127 க்கும் இடையில் தொடங்கினால், அது இதற்கென்றே 2012 இல் ஒதுக்கிய எண்வரிசை. அந்தக் குறிப்பேடு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நீங்கள் ரவுட்டரை மாற்றினாலும் அது மாறாது.

இதுவரை பார்த்தவை: ஃபோல்டர் கணினியின் சீட், டிஎச்சிபியின் துண்டு, வைஃபையின் எல்லை, நாட்டின் தப்பால் புத்தகம். (அந்த 'நாட்' நம் நாடு அல்ல. தமிழில் எழுதும்போது இந்த வம்பு வருகிறது.)

ரீஸ்டார்ட் செய்யும் முன்

எதற்கும் முதல் மருந்து ரீஸ்டார்ட் என்பது எல்லோருக்கும் தெரியும். அது வேலையும் செய்யும். ரீஸ்டார்ட் செய்தால் அந்த இயந்திரத்தின் குறிப்பேடு வெள்ளைத்தாளாகிறது, எல்லோரும் புதிதாக வரிசையில் நிற்கிறார்கள். அடுத்த தடவை நிரம்பும் வரை நிம்மதி. ஆனால் எது நிரம்பியிருந்தது என்ற தடயமும் அதோடு அழிந்துவிடுகிறது. அதனால் நான் போனில் முதலில் சொல்வது, "ஒண்ணையும் ஓஃப் பண்ணாதீங்க, அப்படியே வைங்க."

பிறகு பாதிக்கப்பட்ட கணினியின் முன்னால் உட்கார்ந்து, பக்கத்திலிருந்து தூரத்துக்குப் போக வேண்டும். முதலில் அதற்கு எண் கிடைத்திருக்கிறதா? 169.254 என்றால் வயரையும் நம்பர் துண்டையும் பாருங்கள். எண் இருக்கிறது என்றால் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கிறதா? திறக்கிறது, ஆனால் வெளித்தளம் திறக்கவில்லை, பக்கத்தில் ஒருவருடைய வீடியோ அழைப்போ அறாமல் ஓடுகிறது என்றால் தப்பால் புத்தகம் நிரம்பியிருக்கலாம். யார் அதிகம் எழுதுகிறார் என்று தேடுங்கள். வெளித்தளமும் திறக்கிறது, ஃபோல்டர் மட்டும் இல்லை என்றால் துண்டு போட்ட சீட். கணக்கு வைக்கும் மென்பொருள் மட்டும் திறக்கவில்லையா? அதற்கும் தனியாக ஒரு லைசன்ஸ் எண்ணிக்கை இருக்கலாம். ஐந்து பேருக்கு வாங்கிய மென்பொருளை ஆறாவது ஆள் திறக்க முயன்றால் வலையமைப்பில் எந்தக் குறையும் இராது.

ஒரு நேரப் பட்டியலும் எழுதச் சொல்வேன். யாருக்கு, எத்தனை மணிக்கு, என்ன செய்தி வந்தது. இரண்டு வாரம் எழுதினால் போதும். ஹட்டன் அலுவலகத்தில் என்னைக் காப்பாற்றியது அந்தப் பட்டியல்தான்.

அந்தத் திங்கட்கிழமை

பட்டியலில் எல்லா வரியும் திங்கட்கிழமை. திங்களில் மட்டும் அப்படி என்ன நடக்கிறது என்று கேட்டேன். "ஃபீல்டில இருக்கிறவங்க நாலு பேரும் ரிப்போர்ட் குடுக்க வருவாங்க." மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்தில் வேலை செய்பவர்கள், ஆளுக்கொரு லெப்டொப்போடு. கூட்டிப் பார்த்தோம். 17 கணினிகளில் ஒன்று ஃபோல்டர் வைத்திருப்பது, மிச்சம் 16. போட்டோகொப்பி மெஷின் 2. லெப்டொப் 4. மொத்தம் 22. ஃபோல்டர் கணினியில் ஓடியது விண்டோஸ் 10. செஷன்ஸ் பட்டியலில் சரியாக 20 பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்றன்று கடைசியாக வரும் இருவர் வெளியே. அதனால்தான் ஒவ்வொரு வாரமும் வேறு ஆள் மாட்டினார், வயர்மேல் சந்தேகம் வந்தது.

அன்றைக்கே செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. இரண்டு போட்டோகொப்பி மெஷின்களின் ஸ்கேனையும் வேறொரு கணினிக்குத் திருப்பிவிட்டோம். 22 போய் 20. விளிம்பில் நிற்கும் தீர்வு. ஒருவர் தன் போனில் ஃபோல்டரைத் திறந்தால் கதை மறுபடி தொடங்கும். நிலையான வழி, பொது ஃபோல்டரைச் சாதாரண விண்டோஸிலிருந்து வெளியே எடுப்பது. உரிய அனுமதி உரிமங்களோடு விண்டோஸ் சேர்வர் வாங்கலாம். பழைய கணினியில் லினக்ஸ் போட்டு சம்பா என்ற இலவச மென்பொருளால் பகிரலாம், அதில் இந்த லைசன்ஸ் எண் கிடையாது. அல்லது இதற்கென்றே வரும் சின்னச் சேமிப்புப் பெட்டி வாங்கலாம். இவர்களுக்குப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால் பெட்டியைச் சொன்னேன். பெரிதாக்கிய பெக்கேஜைப் பழையபடி குறைத்து, மாதம் மிஞ்சிய பணத்தைச் சேர்த்து வாங்கினார்கள்.

பெட்டி வந்த முதல் திங்கள் யாரும் வெளியே நிற்கவில்லை. ஆனால் பழைய போட்டோகொப்பி மெஷின் மட்டும் புதுப் பெட்டியில் ஸ்கேன் போட மறுத்தது. "திரும்பவும் ஃபுல்லா அண்ணே?" என்று கேட்டார்கள். இல்லை. அந்த மெஷின் பேசுவது ஃபோல்டர் பகிர்வின் முதல் தலைமுறை மொழி. பாதுகாப்பில் ஓட்டை என்று 2017 இறுதியிலிருந்தே விண்டோஸ் 10 இன் புதிய நிறுவல்களில் அது வழமையாக வருவதில்லை, புதுப் பெட்டியிலும் அடைத்து வைத்திருந்தார்கள். திறந்துவிடலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். அந்த மெஷின் இன்றைக்கும் பென் டிரைவில்தான் ஸ்கேன் போட்டுக் கொடுக்கிறது.